புதிய செமஸ்டரில் படிப்பும் நட்பும்

புதிய செமஸ்டர் தொடங்கும் நாட்களில் மாணவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு வகையாகப் பிரிந்தே வந்து சேர்கின்றன. வீட்டுப் பெரியவர்களும் ஆசிரியர்களும் படிப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். சீனியர்களும் நண்பர்களும் எப்படிப் பழக வேண்டும், யாரோடு சேர வேண்டும் என்று சொல்கிறார்கள். இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ளும் மாணவர் தம்முடைய நாளையும் அப்படியே இரண்டாகப் பங்கிட்டுக்கொள்கிறார். நண்பர்களோடு இருக்கும்போது படிக்காமல் இருக்கிறோமே என்ற உறுத்தலும், படிக்க உட்காரும்போது எல்லாரும் எங்கோ சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்களே என்ற ஏக்கமும் மாறி மாறி வந்து, இரண்டு நேரமும் அரைகுறையாகவே போகின்றன. கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் ஆண்டுதோறும் புதிய முகங்களைப் பார்த்துவரும் எனக்கு, மாணவர்கள் தடுமாறுவதற்குச் சோம்பலைக் காட்டிலும் இந்தப் பங்கீடே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. படிப்பையும் நட்பையும் முடிந்த அளவு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மனிதர்களோடு நடத்த முடிந்தால் செமஸ்டரின் பாதிச் சுமை இறங்கிவிடும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

மாணவர்கள் ஏன் கல்லூரியை இடையில் விட்டுச் செல்கிறார்கள் என்ற கேள்விக்கு அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் அந்தத் துறையில் பேசப்படுகிறது. மாணவர் கல்லூரியின் படிப்பு வாழ்க்கையோடு எவ்வளவு ஒன்றுகிறார், அதன் சமூக வாழ்க்கையோடு எவ்வளவு ஒன்றுகிறார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் நிலைப்பாரா, வெளியேறுவாரா என்பது விளங்கும் என்று அவர் வாதிட்டார். நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று படிப்பை விட்டுவிட்டார் என்ற செய்தி நம்மை வியக்கவைப்பதற்குக் காரணம், நாம் அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கண்கூடாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1970-களின் நடுவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், முதலாண்டு நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தார். ஊக்கமின்மை, பள்ளியில் போதிய அடிப்படை இல்லாமை, குடும்பத்தின் ஆதரவின்மை, வறுமை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நேரில் பார்த்தபோது அவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை. அந்த மாணவர்கள் பள்ளியில் முன்வரிசையில் இருந்தவர்கள். குடும்பங்கள் அவர்களுடைய படிப்பில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தன. அவர்கள் உழைக்கவும் உழைத்தார்கள். எனவே டிரைஸ்மன் கறுப்பின மாணவர்கள் இருபது பேரையும், அதே பாடத்தில் நன்றாகத் தேர்ந்துவந்த சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று கவனித்தார்.

வித்தியாசம் படிக்கும் முறையில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 8 மணி நேரம், ஆசிரியர் சொன்ன அளவுக்குச் சரியாக, தனியாக உட்கார்ந்து படித்தார்கள். படிப்பு வேறு, நண்பர்கள் வேறு என்பது அவர்களிடையே எழுதப்படாத விதியாக இருந்தது. சீன வம்சாவளி மாணவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் படித்தார்கள். அதில் 8 முதல் 10 மணி நேரம் தனியாகவும், மீதி நேரம் மாலைகளில் கூடியும் கழிந்தது. கூடும்போது ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். நால்வர் ஒரு விடையும் ஒருவர் வேறு விடையும் கொண்டுவந்தால், அந்த ஒருவர் தம் கணக்கை மீண்டும் பார்த்தார். யாருக்குமே வராத கணக்கு என்றால், அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் அவர்களிடையே கைமாறின.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கூடுதல் மணி நேரத்தை அல்ல என்பது என் கருத்து. தனியாகப் படிப்பவருக்கு ஒரு கணக்கு வராதபோது அவர் எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான்: நமக்கு இந்தப் பாடம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க அருகில் யாரும் இல்லாததால் கணக்கின் கடினத்தைத் தம்முடைய குறையாக எடுத்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம், தமக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நம்பியவருக்கும் அந்த நம்பிக்கையைச் சோதிக்க வழியில்லை. தேர்வுத்தாள் திரும்பி வரும்போதுதான் அதிர்ச்சி கிடைக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அறிந்திருப்பது வம்பு பேசுவதற்கான செய்தி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம்முடைய படிப்பைச் சரிசெய்துகொள்வதற்கு அதைவிட நம்பகமான அளவுகோல் மாணவரிடம் வேறில்லை.

டிரைஸ்மன் அதன்பின் செய்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பின்தங்கியவர்களுக்கான கூடுதல் வகுப்பு என்று எதையும் அவர் அறிவிக்கவில்லை. சிறப்பாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கான பயிலரங்கு என்று அறிவித்து, பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்கார வைத்தார். கணக்கு தனி ஒருவரால் எளிதில் முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால் பேச்சு தானாகப் பிறந்தது. பேச்சிலிருந்து நட்பும் பிறந்தது. அதில் சேர்ந்த மாணவர்கள் நுண்கணிதத்தில் சேராதவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

நம் மொழியில் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் மாணவன் கற்கும் கணக்கைக் காலும் அரையுமாகப் பிரித்துக் காட்டுகிறார்: ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே கைவரும், உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும், எஞ்சிய இரண்டு கால் பங்கும் பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் வரும். இதை நம்புவதென்றால், வகுப்புக்கு ஒழுங்காக வந்து குறிப்பெடுத்துத் தனியறையில் படித்து முடிக்கும் மாணவர் முக்கால் பங்கை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்று ஆகிறது. வகுப்பில் நான் சொல்வதற்குக் கால் பங்கு மதிப்புதான் என்பதை ஒப்புக்கொள்வது ஆசிரியருக்குச் சற்றுக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விடைத்தாள்களைத் திருத்தும்போது அந்தக் கணக்கு மிகையானதாகத் தோன்றுவதில்லை.

குழுவாகப் படிப்பது என்றதும் பலர் மனத்தில் எழும் படம் வேறு. தேர்வுக்கு முந்தைய இரவு எட்டுப் பேர் ஓர் அறையில் கூடி, படித்த ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொள்வதையே பெரும்பாலும் குழுப் படிப்பு என்கிறார்கள். அதில் பயனடைபவர், பவணந்தியாரின் கணக்குப்படி, சொல்லிக்கொடுக்கும் அந்த ஒருவர் மட்டுமே. உண்மையாகப் பயன் தரும் குழுவுக்கு மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஆறாவது ஆள் வந்தவுடன் ஒருவர் பேசாமல் ஒதுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் முதலில் தனியாக முயன்றுவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவரால் சரிபார்க்கவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. கூடும் நாளும் நேரமும் இடமும் மாறாமல் இருக்க வேண்டும். ‘இந்த வாரம் எப்போது கூடலாம்’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டு முடிவுசெய்யும் குழு நெடுநாள் நிற்பதில்லை. கடினமான இரண்டு மூன்று கேள்விகளோடு தொடங்குவது நல்லது. எளியவற்றைச் செய்துகொண்டிருந்தால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்படைப்புக்கான கடைசித் தேதியை நினைவூட்டவும், வகுப்பறை மாறியதைத் தெரிவிக்கவும் அது உதவும். அங்கே விடைகள் படமாக வந்து விழுகின்றன. விடைக்குச் சென்ற வழி வருவதில்லை. அதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சேர்ந்து யோசிப்பது வேறு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதுவது வேறு. எது வரை அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம். குழுவில் பேசி முடித்தபின் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்த் தனியாக எழுதினால் இந்தச் சிக்கலே எழாது.

அந்த மூன்று நான்கு பேரை எங்கே தேடுவது? பெரும்பாலானோர் தம்மைப் போன்ற சுவையும் பின்னணியும் உடையவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நட்பு அதைவிடத் தற்செயலானது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களை, முதல் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கியதுபோல் இருக்கை ஒதுக்கி உட்கார வைத்து, ஓராண்டு கழித்து யார் யாருக்கு நண்பர் என்று மித்யா பாக்கும் அவருடைய சகாக்களும் கேட்டறிந்து 2008-இல் வெளியிட்டார்கள். அன்று அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் இடையிலும், ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் இடையிலும் நட்பு கூடுதலாக இருந்தது. ஆக, முதல் வாரத்தில் எங்கே உட்காருகிறோம் என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய தீர்மானம். கடைசி வரிசையின் ஓரத்தில், பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு உட்காருபவர் யாரும் தம்மோடு பேசவில்லையே என்று வருந்துவது பொருத்தமாக இல்லை. வாரந்தோறும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சென்ற வகுப்பின் கடினமான பகுதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும். பாடத்தைப் பற்றிய கேள்வியில் ஒரு வசதி உண்டு: கேட்பவருக்கும் கூச்சம் இல்லை, கேட்கப்படுபவருக்கும் சங்கடம் இல்லை.

பேசிவிட்டு வந்தபின் பலர் அந்த உரையாடலை மனத்தில் ஓட்டிப் பார்த்து, உளறிவிட்டோம், அவருக்கு நம்மைப் பிடித்திருக்காது என்று முடிவுகட்டுகிறார்கள். எரிகா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகள் இந்த முடிவு பெரும்பாலும் தவறு என்று காட்டின. புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரும், மற்றவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடமும் அந்தத் தவறான மதிப்பீடு பல மாதங்கள் நீடித்தது. ஆகவே முதல் பேச்சு சுமாராகப் போனதாகத் தோன்றினாலும் மறுநாள் மீண்டும் பேசலாம்; எதிரில் இருப்பவரும் அதே கவலையில்தான் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

நட்புக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கணக்கிட முயன்றவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால். அவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பர் ஆவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லத்தக்கவர் ஆவதற்கு ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடும் ஒரு குழு, பதினைந்து வார செமஸ்டரில் 60 மணி நேரத்தை எட்டும். அதாவது, ஒழுங்காக நடக்கும் ஒரு குழுவில் இருப்பவர்கள்கூட செமஸ்டர் முடியும்போதுதான் சாதாரண நண்பர்கள் என்ற எல்லையைத் தாண்டியிருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் தமக்கு உயிர்த்தோழர் யாரும் அமையவில்லை என்று கலங்குபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். சுற்றியிருக்கும் எல்லாரும் அதற்குள் நெருங்கிவிட்டதாகத் தெரிவது, அவர்கள் எடுத்துப் போடும் படங்களின் விளைவு.

ஆனால் ஹாலின் ஆய்வில் என்னுடைய வாதத்துக்கு எதிரான ஒரு செய்தியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போக முடியாது. வகுப்பிலும் வேலையிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டிய நேரம் நெருக்கத்தைப் பெரிதாக வளர்க்கவில்லை. விருப்பப்பட்டுச் சேர்ந்து பேசி, விளையாடி, சும்மா இருந்த நேரமே வளர்த்தது. இதை நான் இவ்வாறு எடுத்துக்கொள்கிறேன்: குழு கூடும் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பாடமும், மீதி அரை மணி நேரம் வீண்பேச்சும் இருந்தால் அந்த வீண்பேச்சு வீணாகப் போகவில்லை. பாடம் முடிந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அவர்களோடு நடந்து போவதும், தேர்வு முடிந்த அன்று பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் எங்காவது உட்கார்ந்திருப்பதும் அந்தக் குழுவை அடுத்த செமஸ்டருக்கும் கொண்டுபோகும்.

இனித் தனியாகப் படிக்கும் நேரத்துக்கு வருவோம். மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது என்று சொல்வது மீண்டும் மீண்டும் வாசிப்பதையும், வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுவதையும்தான். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் நடத்திய சோதனையில் ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை வாசித்தவர்கள் 83 விழுக்காடும் மற்றவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு எஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. வாசிப்பு அந்த நேரத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோன்ற நிறைவைத் தருகிறது என்பதே அதன் ஆபத்து. நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதோ சங்கடமாக இருக்கிறது. பாதிக்கு மேல் வருவதில்லை. அதனாலேயே பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் 2013-இல் பத்துப் படிப்பு உத்திகளை ஆராய்ந்து, தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதற்கும் இடைவெளிவிட்டுப் படிப்பதற்கும் மட்டுமே உயர்ந்த மதிப்பைக் கொடுத்தார்கள். அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் இருந்தன.

செய்முறையில் இது மிக எளிது. வகுப்பு முடிந்த அன்றே ஒரு வெற்றுத்தாளை எடுத்து, குறிப்பேட்டைத் திறக்காமல், அன்று நடந்ததை எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு குறிப்போடு ஒப்பிட்டு விடுபட்டவற்றை வேறு நிறத்தில் சேர்க்க வேண்டும். சில நாள் கழித்து, அடுத்த வாரம், பிறகு மாதம் கழித்து என்று அதையே திரும்பச் செய்தால், தேர்வுக்கு முன் விடிய விடியக் கண்விழிக்க வேண்டியிருக்காது. இந்தத் தனிமுயற்சியும் குழுவும் இங்கே கைகோக்கின்றன: எழுதும்போது எங்கே நின்றுவிட்டோமோ அதுவே குழுவுக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்வி. புரியாததைக் குறிப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவர் பாதி புரிந்துகொண்டவர்.

முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை எடுத்து உட்கார்ந்து, எல்லாப் பாடங்களின் ஒப்படைப்புத் தேதிகளையும் தேர்வுகளையும் ஒரே நாட்காட்டியில் எழுதுவதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். எந்த வாரத்தில் மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன என்பது அப்போதுதான் கண்ணில் படும். எந்தக் கூறுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைத்தால், ஐந்து மதிப்பெண் வேலைக்கு ஒரு வாரமும் முப்பது மதிப்பெண் வேலைக்கு ஓர் இரவும் செலவழிக்கும் வினோதம் குறையும். ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்ற நம் மதிப்பீட்டை மட்டும் நம்பக்கூடாது. 1994-இல் ரோஜர் பியூலரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாட்களில் முடிப்பதாகச் சொன்னார்கள், முடித்ததோ 55.5 நாட்களில். எனவே மனத்தில் தோன்றும் கால அளவோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்வதைச் சந்தேக மனப்பான்மை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆசிரியர்களைச் சந்திப்பதைப் பற்றி ஆசிரியராக இருந்துகொண்டு சொல்வது சற்று விசித்திரம்தான். சந்திக்க ஒதுக்கப்பட்ட நேரங்களில் செமஸ்டரின் தொடக்கத்தில் அநேகமாக யாரும் வருவதில்லை. கடைசி வாரத்தில் அறை வாசலில் வரிசை நிற்கிறது. தொடக்கத்தில் வரும் மாணவரோடு நிதானமாகப் பேச முடிகிறது. அவர் எங்கே சறுக்குகிறார் என்பதை அப்போதே சொல்லிவிட முடிகிறது. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போது எழுதுவதற்கு விஷயமும் இருக்கிறது. ‘எனக்கு மூன்றாவது அலகு புரியவில்லை’ என்று வருவதைவிட, ‘இந்தக் கணக்கில் இரண்டாவது படிவரை வந்தேன், அதன்பின் ஏன் இப்படி மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை’ என்று வருவது நல்லது. கூச்சமாக இருந்தால் குழுவிலிருந்து இருவராக வரலாம். அதை எந்த ஆசிரியரும் குறைவாக எண்ணுவதில்லை. எனக்கு அது கூடுதல் மகிழ்ச்சி, ஏனென்றால் வந்த இருவரும் வராத மற்றவர்களுக்கும் போய்ச் சொல்வார்கள்.

மாணவர் சங்கங்கள், விளையாட்டு, நாடகக்குழு, தன்னார்வப் பணி ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொடக்க வார விழாவில் பத்து இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பதைவிட, ஒன்றில் சேர்ந்து வாரந்தோறும் போவது மேல். துறைக்கு வெளியே உள்ளவர்களைச் சந்திக்க வேறு எளிய வழி இல்லை. தூக்கத்தைப் பற்றி இன்னும் சுருக்கமாக: 18 முதல் 25 வயதினருக்கு இரவில் 7 முதல் 9 மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது, அதைக் குறைத்துப் படித்ததாகப் பெருமை பேசுபவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

மேலே சொன்னவை எல்லாம் வளாகத்திலேயே தங்கிப் படிப்பவருக்குச் சுலபம், வகுப்பு முடிந்தவுடன் நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டியவருக்கோ, பகுதிநேர வேலைக்கு ஓடுபவருக்கோ, நேரடியாக இரண்டாமாண்டில் வந்து சேர்ந்தவருக்கோ எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. மாலைகள் அவர்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு வகுப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் இருக்கிறது. பொதுவாக அது கைபேசியில் கரைந்துபோகும் நேரம். வாரத்துக்கு இரண்டு இடைவேளைகளை ஒருவரோடு, ஒரே ஒருவரோடு, பாடத்துக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடியும். பிந்தி வந்து சேர்ந்தவருக்கு வகுப்பில் கூட்டங்கள் ஏற்கெனவே அமைந்துவிட்டதாகத் தோன்றும். ஆய்வகப் பணி, குழுத்திட்டம், கருத்தரங்கம் என்று புதிதாக ஆட்கள் கலக்கும் தருணங்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் வருகின்றன. அந்த நேரத்தில் பழைய கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாத இன்னொருவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவர்களுக்கும் இந்த ஏற்பாடு பெரிய கூட்டத்தைவிட உகந்தது. பத்துப் பேருக்கு நடுவில் வாய் திறக்காதவர், ஒருவருக்கு எதிரில் ஒரு சிக்கலான கேள்வியை விளக்கும்போது சரளமாகப் பேசுவதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இது நமக்கான இடம்தானா என்ற ஐயம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடம் கூடுதலாக இருக்கிறது. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் தங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது, நாளடைவில் தீர்ந்தது என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றை முதலாண்டு மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, அதைத் தம் அனுபவத்தோடு பொருத்தி எழுதச் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேர வேலைதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. பின்னர் 22 கல்வி நிறுவனங்களில் பெரிய அளவில் செய்து பார்த்து 2023-இல் வெளியிட்டபோது, அந்த முயற்சி எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பலிக்கவில்லை. மாணவர்கள் உண்மையிலேயே ஒன்றிப் பழக வாய்ப்பிருந்த இடங்களிலேயே பலித்தது. நம்பிக்கைச் சொற்கள் மட்டும் போதாது, போய் உட்கார ஓர் இடமும் மனிதர்களும் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. முதல் மாதத்தில் இரண்டு சீனியர்களிடம், ‘உங்களுக்கு முதல் செமஸ்டர் எப்படி இருந்தது’ என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் பதில்கள் அவர்கள் இப்போது நடந்துகொள்ளும் தோரணைக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் இருக்கும்.

முதல் உள்தேர்வின் மதிப்பெண்கள் வந்தவுடன் குழுக்கள் சோதனைக்கு உள்ளாகின்றன. அதிக மதிப்பெண் வாங்கியவர் இனித் தனியாகப் படிக்கலாம் என்று நினைக்கிறார். குறைவாக வாங்கியவர் முகம் காட்டக் கூசி வராமல் நின்றுவிடுகிறார். அந்த வாரம் கட்டாயமாகக் கூடிவிட வேண்டும். விடைத்தாள்களை மேசையில் பரப்பி, யார் எந்தக் கேள்வியில் ஏன் இழந்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால், மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழாது. நால்வரும் ஒரே கேள்வியில் இழந்திருந்தால் ஆசிரியரிடம் போக வேண்டியது அந்தக் கேள்வி. கூடும்போதெல்லாம் ஒருவர் மட்டுமே உழைப்பதாகவோ, பேச்சு மட்டுமே நடப்பதாகவோ இருந்தால், அதை ஒரு முறை வெளிப்படையாகச் சொல்லிப் பார்க்கலாம். மாறவில்லையென்றால் படிப்புக்கு வேறு இருவரைத் தேடிக்கொண்டு, இவர்களை நண்பர்களாக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர்கள் வருத்தப்படுவதில்லை. மறுதேர்வு நெருங்கும்போது நோட்டுக் கேட்டு அவர்களே வருவார்கள். அப்போது நோட்டைக் கொடுத்து அனுப்பாமல், பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.